வெள்ளையா, காவியா? அன்னதான அறைச் சுவரை முன்னிட்டு ஒரு பழைய கதை

அன்னதான அறைக்கு என்ன சாயம் அடிக்கலாம்னு கேட்டதும் ரெண்டு கட்சி ஆயிடுச்சு. வெள்ளைதான் வெளிச்சம்னு ஒரு பக்கம், காவிதான் கோயில் களைன்னு இன்னொரு பக்கம். இந்த ரெண்டு நிறமும் நம்ம கோயில் சுவருக்கு வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம்.

அந்தக் காலத்து வெள்ளை டின்ல வந்ததில்லை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, வடிகட்டிச் சுவரில் பூசினார்கள். பூசிய சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் கல்லாக இறுகிவிடும். நம்ம பத்துமலையும் அதே வகைக் கல்தான்! காரம் அதிகம் என்பதால் புதுப் பூச்சில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்காது. மழை ஓயாத நம்ம நாட்டுக்கு இது சின்ன விஷயமா?

காவி, இரும்புச் சத்துள்ள செம்மண். வெயிலுக்கு வெளுக்காது, சுண்ணாம்பின் காரத்திலும் கெடாது. எல்லாச் சாயத்துக்கும் அந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது. வெள்ளை சிவம், சிவப்பு சக்தி என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சரிதான். ஆனா மதில்ல இந்த ரெண்டும் பட்டை பட்டையா சேர்ந்து நின்னதுக்கு, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போனதும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

பளிச்சென்ற பல வண்ணம் எல்லா இடத்திலும் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலின் இப்போதைய கோபுரம் 1925-இல் எழுந்தது. அதன் சிற்பங்களுக்கு இத்தனை வண்ணம் ஏறியது 1960-களில். ஸ்ரீரங்கத்திலோ, 1987-இல் முடிந்த 236 அடி ராஜகோபுரம் வண்ணமயமாக நிற்க, கிழக்கே உள்ள கோபுரம் இன்றும் வெள்ளைக் கோபுரம்தான். கோயிலைக் காக்க உயிர் விட்ட வெள்ளாயி என்ற பெண்ணின் நினைவாக அந்த வெள்ளை என்று அங்கே சொல்வார்கள்.

நம்ம அறைக்கு வருவோம். வடக்குச் சுவர் பழைய சுண்ணாம்புக் காரை. அதுமேல பிளாஸ்டிக் சாயத்தை அடுக்கடுக்கா அடிச்சதால உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாம கொப்புளம் கொப்புளமா எழும்புது. வெள்ளையோ காவியோ, டின் சாயத்தையே மறுபடி அடிச்சா அடுத்த தைப்பூசத்துக்குள்ள உரியும். என் ஓட்டு, சுவர் முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளை, இடுப்பு உயரம் வரைக்கும் காவி. சாப்பாட்டுக் கை படுற இடம் அதுதானே!

முதல்ல பழைய சாயத்தைச் சுரண்டி எடுக்கணும். ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் ஆரம்பிக்கிறோம். சுரண்டி இருந்தா கொண்டு வாங்க, முகக்கவசம் நாங்க தர்றோம்.