அன்னபூரணிக்கு இரண்டு பெயர்



நம் திருத்தணியில் கடல் கிடையாது. நந்தி ஆற்றில் தண்ணீர் ஓடினாலே வேடிக்கை பார்க்கப் போகிறோம். மிதக்கும் வாகனம் என்று நாம் பார்ப்பது, ஆடிக் கிருத்திகையின்போது சரவணப் பொய்கையில் வலம் வரும் தெப்பம் ஒன்றைத்தான். ஆனாலும் இந்த இதழில் ஒரு கப்பலைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அதை வாங்கியவர்கள் ஓர் அமெரிக்கத் தம்பதி. கட்டியவர்களும் ஓட்டியவர்களும் தமிழர்கள்.

அந்தக் கணவரின் பெயர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். 1928 முதல் 1931 வரை, 32 அடி நீளமே உள்ள ஒரு பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர். படகுக்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்வாப்’. கனவு என்று பொருள் தரும் சமஸ்கிருதச் சொல் அது. மனைவி பெயர் ஃப்ளோரன்ஸ். வால்வு, குழாய், குளியலறைப் பொருள்கள் தயாரித்த கிரேன் நிறுவனக் குடும்பத்துப் பெண். 1934-ல் தம்பதியர் அதே படகில் கலாபகஸ் தீவுகளுக்குப் போனார்கள். அங்கே ராபின்சனுக்குக் குடல்வால் வெடித்து உயிருக்கே ஆபத்தானது. பனாமாவிலிருந்து அமெரிக்கப் படையினர் வந்து காப்பாற்றினார்கள். படகை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று.

இவர்களுடைய அடுத்த கப்பல் இலங்கையிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள ஊர் வல்வெட்டித்துறை. அங்கே 1930-ல் கட்டப்பட்ட பாய்மரக் கப்பல் ‘அன்னபூரணி’. நீளம் சுமார் 89 அடி. இரண்டு பாய்மரங்கள். முன் மரத்தில் குறுக்குப் பாய்கள், பின் மரத்தில் நெடுக்குப் பாய்கள். இந்த அமைப்புக்கு ‘பிரிகன்டைன்’ என்று பெயர். வேப்ப மரம் அதில் முக்கியமாகப் பயன்பட்டது. நம் வீட்டு வாசலில் நிற்கும் அதே வேம்புதான்!

அந்த ஊர் மேஸ்திரிமார் எந்தப் பொறியியல் கல்லூரிக்கும் போனவர்கள் அல்ல. அப்பாவிடமிருந்து மகன் கற்ற தொழில். அவர்கள் கட்டிய கப்பல்கள் பர்மாவிலிருந்து அரிசியும், இந்தியக் கரையிலிருந்து ஓடும் ஏற்றிவந்தன. அமெரிக்காவில் நீராவிக் கப்பல்கள் வந்தபின் பாய்மரச் சரக்குக் கப்பல்கள் அருகிப்போயிருந்த காலம் அது. இங்கே அவை இன்னும் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தன.

ராபின்சன் அன்னபூரணியை வாங்கினார். மரக்கப்பலை வாங்குபவர் அதோடு தீராத பராமரிப்பையும் வாங்குகிறார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பலகைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் பஞ்சையோ நாரையோ திணித்து, மேலே எண்ணெயும் குங்கிலியமும் சேர்ந்த கலவையைப் பூசுவார்கள். இதற்குக் கலப்பற்று என்று பெயர். வெயிலில் மரம் சுருங்கும், தண்ணீரில் ஊறும். ஆகவே கலப்பற்றைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கடல் புழு துளைத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைக்க வேண்டும். பாயும் கயிறும் நைந்துகொண்டே இருக்கும். வணிகவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ‘ஒருமுறைச் செலவு’ என்ற தலைப்பே மரக்கப்பலின் கணக்கில் கிடையாது. நம் மாடித் தளத்து நீர்க்கசிவு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல!

மனைவியின் பெயரைச் சேர்த்து, கப்பலுக்கு ‘ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று புதுப் பெயர் சூட்டினார்கள். 1937-ல் அது இலங்கையிலிருந்து புறப்பட்டது. தண்டையல், அதாவது மாலுமிகளின் தலைவர், வல்வெட்டித்துறை தம்பிப்பிள்ளை. கூடவே அவ்வூர் மாலுமிகள். ஏடன், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள். பாய்களை நம்பி, ஓராண்டுக்கும் மேலான பயணம். குளோஸ்டர் சாதாரண ஊர் அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பாய்மரக் கப்பல் பார்த்த மீனவர் ஊர். அந்தத் துறைமுகத்தில் நம் வேப்பமரக் கப்பல் நின்றது.

ராபின்சன் பிறகு இப்ஸ்விச் என்ற ஊரில் நடத்திய கப்பல் தளம், இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்கு மரக்கலங்கள் கட்டியது. தமக்கென அங்கே அவர் கட்டிக்கொண்ட ‘வாருவா’ கப்பலுக்கும் அதே பிரிகன்டைன் பாய் அமைப்புதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். தம்பதியரைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கில்லை. அவர்கள் வாங்கியதால்தான் அந்தக் கப்பலைப் பற்றி இன்று நாம் பேசுகிறோம். அதே கடலில் ஓடிய எத்தனையோ கப்பல்களின் பெயர்கூட மிஞ்சவில்லை. ஆனால் வங்கியில் ஒரு கணக்கின் பெயர் மாறினால், பழைய பெயரும் கோப்பில் இருந்தாக வேண்டும். ‘முன்பு இன்னார்’ என்ற அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பழைய வரவு செலவுக்கு வாரிசு கிடையாது. கப்பலுக்கும் அப்படியே. புதுப் பெயரை மட்டும் படிப்பவர் அதை அமெரிக்கக் கப்பல் என்றே நினைப்பார். பலகையை மாற்றினால் கப்பல் பிழைக்கும். கட்டியவர் பெயரை எழுதி வைத்தால்தான் அந்தத் தொழில் நினைவில் நிற்கும். வல்வெட்டித்துறையில் பலர் அந்தப் பழைய பெயரை விடாமல் சொல்லிவந்ததால்தான், முன்பு அன்னபூரணி என்ற வரி இன்றும் இருக்கிறது.

இந்த வேலைக்கு ஆங்கிலப் புலமையோ ஆராய்ச்சிப் பட்டமோ தேவையில்லை. நம் ஊரில் வருடந்தோறும் தெப்பம் கட்டும் கைகள் யாருடையவை, எதை வைத்துக் கட்டுகிறார்கள், முன்பு எப்படிக் கட்டினார்கள் என்பதை அறிந்த பெரியவர்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கலாம். அவர்களிடம் கேட்டு நாலு வரி எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பெயர்களோடு எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.