தோளில் விழும் உதை: போருக்குப் பிறகு ஒரு ரைஃபிளின் கதை

இன்றைய எபிசோடை எங்க பெரியப்பாவோட வலது தோளில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

காலேஜில் படிக்கும்போது அவர் என்.சி.சி.யில் இருந்தார். ஒரு முகாமில் .303 ரைஃபிளைக் கையில் கொடுத்து, படுத்துச் சுடச் சொன்னாங்களாம். நம்ம ஊரில் ‘த்ரீ நாட் த்ரீ’ன்னு சொல்ற அதே துப்பாக்கி. மொத்தம் அஞ்சு ரவுண்டு. “ராத்திரி சட்டையைக் கழட்டினா தோள் நாவல்பழம் மாதிரி இருந்துச்சுடா”ன்னு இன்னைக்கும் சொல்லுவார். முதல் குண்டு இலக்கில் பட்டது. கடைசி ரெண்டு எங்கே போச்சுன்னே தெரியலையாம். உதை வரப்போகுதுன்னு தெரிஞ்சுகிட்ட உடம்பு, விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொண்டு தோளைச் சுருக்கிக்கொள்கிறது. அதனால் உதை என்பது வலி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை, குறி சம்பந்தப்பட்டதும்தான்.

இந்த உதையோடு மல்லுக்கட்டியவர்கள் கதை ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. சிட்னிக்கு மேற்கே லித்கோ என்ற ஊரில் 1912-ல் ஒரு ஆயுதத் தொழிற்சாலை திறந்தார்கள். இரண்டு உலகப்போர்களுக்கும் அங்கே லீ-என்ஃபீல்டு ரைஃபிள்கள் தயாராயின. எடை சுமார் 4 கிலோ. ஏறக்குறைய 11 கிராம் குண்டு நொடிக்கு 740 மீட்டர் வேகத்தில் வெளியே போகும். தோளில் பதியும் கட்டையின் முனையிலோ பித்தளைத் தகடு. கட்டை உடையாமல் இருக்க அது சரி, தோளுக்கு?

1945-க்குப் பிறகு ராணுவத்துக்குத் தேவைப்படாத ரைஃபிள்கள் மலிவாகக் கிடைத்தன. பண்ணைக்காரர்களும் வேட்டைக்காரர்களும் வாங்கினார்கள். ஆனால் பல துப்பாக்கிகள் தேய்ந்துபோனவை. அந்தத் தோட்டாவில் இருந்த கார்டைட் மருந்து கடும் சூட்டில் எரியும். அது குழலின் உள்வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். இன்னொரு சிக்கல், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ராணுவ அளவுத் தோட்டாக்களுக்குச் சட்டத் தடை இருந்தது.

அங்கத்திய துப்பாக்கித் தச்சர்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தேய்ந்த குழலைக் கழற்றிவிட்டு .25 அங்குலக் குழலை மாட்டினார்கள். பழைய .303 தோட்டாவின் கழுத்தை ஒடுக்கி, அதில் சின்னக் குண்டைப் பொருத்தினார்கள். பெயர் .303/25. குண்டு சுமார் 6 கிராம்தான், ஏறக்குறைய பாதி. சட்டத்துக்காகச் செய்த மாற்றம்; ஆனா தோளுக்கும் நிம்மதி கிடைச்சது.

அதே கையோடு அவர்கள் செய்த இன்னொரு வேலைதான் தலைகீழாகப் போனது. காட்டில் தூக்கி நடக்க வசதியா இருக்கணும்னு முன்பக்க மரத்தை அறுத்துத் தள்ளினார்கள். பார்க்க அழகு, தூக்கவும் லேசு. ஆனால் லேசான துப்பாக்கி அதிகமா உதைக்கும். அதே தோட்டாவைப் போட்டு, எடையை மட்டும் அஞ்சில் ஒரு பங்கு குறைச்சுப் பாருங்க: உதையின் ஆற்றல் கால் பங்கு கூடிவிடும்.

இதில் பிரிட்டிஷ் ராணுவமே சூடுபட்டது. காட்டுப் போருக்காக 1944-ல் கொண்டுவந்த ‘நம்பர் 5’ ரைஃபிளின் எடை சுமார் 3.2 கிலோ. உதை தெரியாமல் இருக்க ரப்பர் பட்டையும் வைத்தார்கள். ஆனால் அந்த ரப்பர் கட்டையைவிடக் குறுகலானது. உதை முழுக்க ஒரு சின்ன இடத்தில் இறங்கியது. நாளாக ஆக ரப்பரும் இறுகிக் கல்லாகிவிட்டது. மருந்தே நோயான கதை! 1947-ல் அதன் தயாரிப்பு நின்றது.

அப்போ நல்லா மாத்தினவங்க என்ன செய்தாங்க? எடையைக் கண்டபடி குறைக்கவில்லை. அகலமான, மெத்தென்ற ரப்பரை வைத்தார்கள். முக்கியமாக, கட்டையின் நீளத்தை ஆளுக்கேற்ப அமைத்தார்கள். இது புது ஞானம் இல்லை. குட்டை, நெட்டை என்று ராணுவமே பல நீளங்களில் கட்டை செய்து எழுத்து பொறித்து வைத்திருந்தது.

இன்று சேகரிப்பாளர்கள் அறுபடாத லித்கோ ரைஃபிளைத் தேடி அலைகிறார்கள். அறுத்துப்போட்ட மரம் திரும்ப வராது. அதில் இருந்த முத்திரைகளும் அதோடு போயின. இதைப் படித்தபோது எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் பெரியப்பாவின் தோள் ஞாபகம் வந்ததும் கொஞ்சம் யோசித்தேன். வாங்கியவருக்கு அது நினைவுச்சின்னம் இல்லை, பண்ணையில் கிடக்கும் மண்வெட்டி மாதிரி ஒரு கருவி. கைக்கு ஒத்துவராத மண்வெட்டியின் காம்பை நாமும் இழைக்கத்தானே செய்வோம்?

ஆனா ஒண்ணு. மண்வெட்டிக் காம்பை இழைக்கிறவர்கூட, அதில் யாராவது பேரைச் செதுக்கியிருந்தா ஒரு நிமிஷம் கையை நிறுத்துவார். அந்த ஒரு நிமிஷம்தான் பல பட்டறைகளில் இல்லாமல் போச்சு.

உங்க வீட்டிலும் ஒரு ‘த்ரீ நாட் த்ரீ’ கதை இருக்கும். தாத்தாகிட்ட, பெரியப்பாகிட்ட கேட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.