ஏடுகளில் வாழ்ந்த தலைநகரம்

தலைநகரம் என்றதும் நம் பேரப்பிள்ளைகள் டெல்லி என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கொழும்பு, காத்மாண்டு, டாக்கா என்று அடுக்குவார்கள். நம் புதுச்சேரியும் ஒரு தலைநகரம்தான், அதுவும் ஆங்கிலேயர் டெல்லிக்குத் தலைநகரை மாற்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆகிவிட்ட தலைநகரம் என்று சொன்னால், சிரித்துவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். சனி, ஞாயிறுகளில் வந்து போகிறவர்களுக்கோ இது கடற்கரையும் மஞ்சள் சுவரும் உள்ள ஊர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாம் சொல்லிவைத்தால்தானே அவர்களுக்குத் தெரியும்?

1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து குடியேறியபோது இது நெசவாளரும் மீனவரும் வாழ்ந்த சிறிய ஊர். பிரெஞ்சுக் கும்பெனிக்கு வேண்டியது துணி. துணி இங்கே கிடைத்தது. 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1699இல், உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தார்கள். நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நேர்கோட்டு வீதிகளுக்கு அந்த டச்சுக்காரர்களின் வரைபடத்தில்தான் வித்து இருக்கிறது. ழான் தெலோஷ் என்ற அறிஞர் பழைய டச்சு வரைபடங்களை எடுத்துவைத்து இதை நிறுவிவிட்டார். போட்ட கோட்டைப் பிரெஞ்சுக்காரர் அழிக்காமல் அதன் மேலேயே கட்டிக்கொண்டு போனார்கள். 1701இல் இந்தியாவில் இருந்த பிரெஞ்சு இடங்களுக்கெல்லாம் புதுச்சேரி தலைமையிடமாயிற்று.

ஆனால் இந்தத் தலைநகருக்குக் கீழே இருந்த நாடு எப்படிப்பட்டது? டெல்லி போல ஒட்டுமொத்தமாக ஒரு பரப்பு அல்ல. காரைக்கால் தெற்கே, மாஹே மேற்குக் கடற்கரையில், ஏனாம் கோதாவரி முகத்துவாரத்தில், சந்திரநாகூர் வங்காளத்தில். தமிழ், மலையாளம், தெலுங்கு, வங்காளி என்று நான்கு மொழி. நடுவில் இருந்ததெல்லாம் மற்றவர்களின் மண். புதுச்சேரிப் பகுதியே ஒரே துண்டாக இல்லை. பாகூருக்கும் வில்லியனூருக்கும் மண்ணாடிப்பட்டுக்கும் போய்வருகிறவர்களுக்குத் தெரியும், வழியில் எத்தனை முறை எல்லை வந்து போகிறது என்று. இப்படிச் சிதறிக் கிடந்த ஊர்களை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது படையல்ல, கோட்டையுமல்ல. காகிதம்தான். கவர்னர் கட்டளை, நீதிமன்றத் தீர்ப்பு, நோத்தேர் முன் எழுதிய பத்திரம், பிறப்பு இறப்புப் பதிவேடு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் வேறென்ன சொல்லுவான் என்று நினைக்கலாம். சரித்திரத்தையே பாருங்கள்.

1716இல் கும்பெனியின் துபாஷியாக இருந்த நைனியப்ப பிள்ளையை, கவர்னர் எபேர் காலத்தில், குற்றவாளி என்று தீர்த்தார்கள். சாட்டையடி, சிறை, சொத்துப் பறிமுதல். மறு ஆண்டு சிறையிலேயே இறந்துபோனார். வேறு ஊராக இருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். இங்கே மனு பாரிசுக்குப் போயிற்று. மகன் குருவப்ப பிள்ளையும் கப்பலேறிப் போனார். கடைசியில் தகப்பனார் குற்றமற்றவர் என்ற தீர்ப்பு வந்தது. மகன் திரும்பி வந்து அதே துபாஷிப் பதவியில் உட்கார்ந்தார். போன உயிர் வரவில்லை, பெயர் வந்தது. 'மேலே எழுதிப் போடுவோம்' என்று நம் ஊர்க்காரர் இன்றும் எதற்கெடுத்தாலும் சொல்கிற வழக்கத்துக்கு வயது முந்நூறு.

அந்தக் குடும்பத்து உறவினர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை, கணக்கு எழுதுகிற தமிழில், வந்த கப்பல், வாங்கிய சரக்கு, கவர்னர் துய்ப்ளே கோபப்பட்டது, அவர் மனைவி மதாம் செய்த சூழ்ச்சி, நல்ல நேரம், கெட்ட சகுனம் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். 1748இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில் பழைய வேதபுரீசுவரர் கோவிலை இடித்தார்கள். அதையும் கண்டது கண்டபடி எழுதியிருக்கிறார். சம்பா கோவிலுக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கோவிலின் கல் இன்று இல்லை. அதற்கு நடந்தது இன்று நமக்குத் தெரிகிறதென்றால் பெரிதும் அந்த நாட்குறிப்பால்தான். அது பல காலம் வீட்டிலேயே கிடந்து, 1846இல்தான் வெளியே தெரிய வந்தது. பிறகு சென்னை அரசு ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. துய்ப்ளேயின் அரண்மனை மண்ணோடு மண்ணாயிற்று. அவரிடம் வேலை பார்த்தவர் எழுதிய ஏடு நிற்கிறது.

அரண்மனை போனதும் ஒரு கதைதான். 1761 ஜனவரியில் லல்லி சரணடைந்தார். பிள்ளையும் அதே மாதத்தில் காலமானார். வென்ற ஆங்கிலேயர் கோட்டையையும் மாளிகைகளையும் திட்டமிட்டுத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் லோ தெ லோரிஸ்தோன் வந்து ஊரைத் திரும்பப் பெற்றபோது கையில் கிடைத்தது இடிபாடுதான். பழைய வீதிக் கோடுகளின் மேலேயே மறுபடியும் கட்டினார்கள். 1778இல் மீண்டும் போயிற்று, 1785இல் வந்தது, 1793இல் போயிற்று, 1816இல் வந்தது. சுற்றுலா வழிகாட்டிகள் துய்ப்ளே காலத்துக் கட்டடம் என்று எதையாவது காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். இன்று பார்ப்பதில் பெரும்பகுதி, ஒரு முறை அழிந்து எழுந்த ஊர்.

எழுந்த ஊர் இரண்டாகத்தான் எழுந்தது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். அந்த வார்த்தையை இன்று விடுதிகளின் பெயர்ப்பலகையில் அழகுக்காகப் போட்டுக்கொள்கிறார்கள். அது அழகான வார்த்தை அல்ல. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்களின் பிள்ளைகள் நாம். அது நமக்கு மறக்கக் கூடாது.

அந்தக் கோட்டைத் தாண்டியதும் காகிதத்தின் வழியாகத்தான். 1873இல் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை, ஐரோப்பியரைப் போலச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். கூடாது என்றார்கள். அவர் விடவில்லை. வழக்கு பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை போய் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. 1881 செப்டம்பர் 21ஆம் தேதிக் கட்டளைப்படி, தம் குலவழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க விரும்புகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டு ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தது. பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லப்போர்த். பிரெஞ்சில் வாசல் என்று பொருள். அந்த வாசல் வழியாகப் போனவர்களில் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் கிறிஸ்தவர்களும் அதிகம். ஒரு கையெழுத்தில் சாதிப் பெயர் உதிர்ந்துவிடும் என்ற நம்பிக்கை. முழுக்க உதிர்ந்ததா என்பது வேறு. ஆனால் சைகோனுக்குப் போய் உத்தியோகம் பார்த்ததற்கும் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஓய்வூதியம் பெற்றதற்கும் பல குடும்பங்களுக்கு அந்தக் கையெழுத்து உதவியது. சொல்தா வீடுகள் என்று நாம் சொல்வோமே, அந்த வீடுகளின் அஸ்திவாரத்தில் ஒரு ஏடு இருக்கிறது.

எல்லைக்கோடும் காகிதத்தில் இருந்ததுதான். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் 1908இல் பாரதியார் வந்தார். பத்து ஆண்டுகள் இருந்தார். 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். ஆங்கில அரசின் ஒற்றர்கள் வீதிமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, கை வைக்க முடியவில்லை. அதற்காக இந்த அரசு நல்ல அரசு என்று சொல்லிவிட முடியாது. 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடத்திப் பன்னிரண்டு பேரைக் கொன்றதும் இதே அரசுதான். எட்டு மணி நேர வேலை என்ற உரிமை அந்த ரத்தத்துக்குப் பிறகே சட்டமாயிற்று. அகதிக்கு நிழலும் தொழிலாளிக்குக் குண்டும் ஒரே தலைநகரம் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது சரித்திரம்.

பிறகு நம் காலம். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிர்ப்புக்கு 8. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கை மாறியது. சட்டப்படி முழுதாக மாறியது 1962 ஆகஸ்ட் 16. அந்த நாளிலிருந்து ஆறு மாதம் தவணை. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காத இவ்வூர்க்காரர் இந்தியராவார்.

எனக்கு அப்போது வயது 12. அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டுத் திண்ணையில் வேறு பேச்சே கிடையாது. சித்தப்பா, 'அண்ணே, பசங்க படிப்புக்காகவாவது கையெழுத்துப் போட்டுடுங்க' என்பார். அப்பா, 'இருக்கிற இடத்துல இருக்கிறதுக்கு எதுக்குடா கையெழுத்து?' என்பார். சண்டை ஒன்றும் இல்லை. சித்தப்பா எழுதிக் கொடுத்தார்; அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் பிறந்து ஒரே பள்ளியில் படித்த அண்ணன் தம்பி, தவணை முடிந்த மறுநாள் இரண்டு நாட்டுக்காரர். சித்தப்பா குடும்பம் பிரான்சுக்குப் போயிற்று. அப்பா இறந்தபோது அவர், தாம் பிறந்த வீதிக்கு வர விசா வாங்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார். யார் செய்தது சரி என்று இத்தனை ஆண்டுகளில் நான் தீர்ப்புச் சொன்னதில்லை. இரண்டு பேரும் பிள்ளைகளை நினைத்துத்தான் செய்தார்கள்.

நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில். வேலை தேடும் வயதில் அலுவலக மொழி ஆங்கிலமாகிவிட்டது. தட்டெழுத்துக்குப் போனால் அங்கேயும் சோதனை. பிரெஞ்சு யந்திரத்தில் முதல் வரிசை 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும். ஆங்கில யந்திரத்தில் அந்த இடத்தில் 'க்யூ' இருக்கும். விரலை மாற்றிப் பழக்க ஆறு மாதம் ஆயிற்று. ஆனால் பழைய ஏடுகளைப் படிக்கத் தெரிந்தவன் என்று பிறகு என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். எத்தா சிவில் என்று நாம் சொல்லும் பதிவேடுகள், சாய்வெழுத்து, மங்கிய மை. நம் பெயர்களை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். 'முத்து' என்பதற்கு இரண்டு பக்கத்தில் இரண்டு விதமாக எழுத்துக்கூட்டியிருக்கும்.

ஒரு மூதாட்டி வந்தார். கணவர் இந்தோசீனாவில் போர் செய்த சொல்தா. பிறப்புப் பதிவில் ஒரு விதமாகவும் திருமணப் பதிவில் வேறு விதமாகவும் பெயர் இருந்ததால், இரண்டும் ஒரே ஆள் என்று ஏற்க மறுத்து ஓய்வூதியத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். வித்தியாசம் ஓர் எழுத்து. ஏட்டைத் தேடி, சாட்சிகளின் கையெழுத்தைக் காட்டி, பிரெஞ்சில் மனு எழுதி, திருத்தம் வாங்க இரண்டு ஆண்டு பிடித்தது. பணம் வந்ததும் அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்: 'இப்பவாவது அவரு அவருதான்னு ஒத்துக்கிட்டாங்களா தம்பி?' காகிதத் தலைநகரின் தர்மமும் கொடுமையும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

கட்டடங்களைப் பற்றி இப்போது எல்லோரும் கவலைப்படுகிறார்கள், நல்லதே. மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தபோது ஊரே துக்கம் விசாரிப்பது போலக் கடற்கரைக்குப் போய் நின்றது. பழைய வடிவத்திலேயே கட்டி 2021இல் திறந்தார்கள். இடித்த ஊரைக் கட்டுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் செல்லரித்த ஒரு பக்கத்தை எந்தக் கொத்தனாரும் திரும்பக் கட்ட முடியாது.

ஆகவே அன்பர்களே, ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மரப்பெட்டியில் தாத்தாவின் கிரயப் பத்திரம், சைகோன் கடிதம், சொல்தா புத்தகம், அறுபத்திரண்டில் கொடுத்த காகிதம் ஏதாவது இருந்தால் வெளியே எடுங்கள். பூச்சி தட்டி, நிழலில் காயவைத்து, படம் எடுத்து வையுங்கள். பிரெஞ்சு படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். எங்களைப் போன்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். பின்பக்கத்தில் யார், என்ன உறவு, எந்த வீதி என்று தமிழில் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும்.