ஓமான்: வீசாவில் மட்டும் நாம் அறிந்த பாலைவன நாடு

ஓப்பநாயக்க, பலாங்கொடை, கஹவத்தை பக்கத்துத் தோட்டங்களில் ‘வெளிநாடு போயிருக்கிறார்’ என்றால் பெரும்பாலும் வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறார் என்றே பொருள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் பெயர்ந்த குடும்பங்களிலும், போரில் கணவரை இழந்த வடக்கு, கிழக்குப் பெண்களிலும் பலர் இதே வழியில் சென்றவர்கள். அவர்கள் போகும் நாடுகளில் ஒன்று ஓமான்.

நிலமும் மழையும்

அரேபியக் குடாநாட்டின் தென்கிழக்கு மூலையில் உள்ள ஓமானின் பரப்பு சுமார் 3,09,500 சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல் நாலரை மடங்குக்கும் அதிகம். மேற்கே ‘ரூப் அல் காலி’ என்னும் பெரும் மணற்பாலை. வடக்கே ஹஜர் மலைத்தொடர். அதன் ஜபல் ஷம்ஸ் சிகரம் ஏறத்தாழ 3,000 மீற்றர், நமது பீதுருதாலகாலையைவிட உயரம்.

தெற்கே டோபார் பகுதி வேறு உலகம். சப்ரகமுவவை நனைக்கும் அதே தென்மேல் பருவக்காற்று, ஜூன் முதல் செப்டெம்பர் வரை அங்கும் மூடுபனியும் தூறலும் கொண்டுவருகிறது. ‘கரீப்’ என்னும் இப்பருவத்தில் சலாலா நகரைச் சுற்றிய குன்றுகள் பச்சையாகின்றன.

பங்கிட்டுக் குடித்த நீர்

மழை குறைந்த வடக்கில் மனிதரை வாழவைத்தது ‘பலாஜ்’ என்ற கால்வாய். மலையடி நிலத்தடி நீரையும் ஊற்று நீரையும் சரிவு வழியே ஊருக்குக் கொண்டுவருவார்கள். நீரை அளவால் அல்ல, நேரத்தால் பங்கிட்டார்கள்: பகலில் சூரிய நிழல், இரவில் நட்சத்திரங்கள். சுமார் 3,000 கால்வாய்கள் இன்றும் இயங்குகின்றன. அவற்றில் ஐந்தை 2006 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பிசினும் ஒரு தமிழ்ப் பெயரும்

தேவாலயத் தூபத்தில் மணக்கும் குந்துருக்கம் டோபாரில் விளைகிறது. இறப்பர் மரத்தில் பால் வெட்டுவதுபோலவே மரப்பட்டையைச் சீவிவிடுவார்கள். கசியும் பால் காய்ந்து இறுகியதும் சுரண்டி எடுப்பார்கள். பழங்காலத்தில் ரோம் வரை சென்ற இந்தச் சரக்குக்கான துறைமுகங்களில் ஒன்று சும்ஹுரம்.

அங்கே இத்தாலிய அகழாய்வாளர்கள் 2006 இல் எடுத்த பானை ஓடொன்றில் ‘ணந்தை கீரன்’ என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்திருந்தது 2012 இல் அடையாளம் காணப்பட்டது. காலம் ஏறத்தாழ கி.பி. முதலாம் நூற்றாண்டு. ஒரு தமிழரின் பெயர் அங்கே வரை சென்றிருக்கிறது.

மக்கள்

ஓமானியரில் பலர் இபாதி இஸ்லாமியப் பிரிவினர். அரபு ஆட்சிமொழி; டோபாரில் ஜிப்பாலி, மெஹ்ரி போன்ற பழைய மொழிகளும் பேசப்படுகின்றன. 1507 இல் மஸ்கட்டைப் பிடித்த போர்த்துக்கேயர் 1650 இல் துரத்தப்பட்டனர். பின்னர் ஓமானியரே சன்சிபார் வரை ஆண்டார்கள்; அடிமை வணிகமும் அந்தச் செல்வத்தின் ஒரு பகுதி. 1967 இல் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியது. 1970 இல் ஆட்சிக்கு வந்த சுல்தான் கபூஸ் வீதி, பாடசாலை, மருத்துவமனை எனக் கட்டியெழுப்பினார். இன்று அங்கு வாழும் பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வர் வெளிநாட்டவர்.

போவோர் அறியவேண்டியது

அங்கே பணியாளரின் வதிவிட அனுமதி ‘கபாலா’ முறையில் வேலை கொடுப்பவரோடு பிணைக்கப்பட்டுள்ளது. வீட்டுப் பணியாளர் பொதுத் தொழிற்சட்டத்துக்குள் வருவதில்லை. அவர்களுக்குத் தனி விதிகள். இதனால் வீட்டுக்குள் நடப்பது வெளியே தெரிவது கடினம். சுற்றுலா வீசாவில் அனுப்பப்பட்ட இலங்கைப் பெண்கள் கைமாற்றப்பட்ட விவகாரம் 2022 இல் அம்பலமானது.

ஆகவே சுற்றுலா வீசாவில் வேலைக்குப் போகவேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யுங்கள். அதன் தொலைபேசி இலக்கம் 1989. ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து விளங்கிய பின்பே கையெழுத்திடுங்கள். கடவுச்சீட்டு, வீசா, ஒப்பந்தப் பிரதிகளையும் வேலை செய்யும் வீட்டின் முகவரியையும் வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆபத்து நேர்ந்தால் தேடத் தொடங்குவதற்கு அந்த முகவரி வேண்டும்.