நடுமரம் இல்லாத ஆலமரம்

ஹௌரா நகரை ஒட்டிய சிப்பூரில், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்த தாவரவியல் பூங்காவுக்கு வருவோர் அங்குள்ள பேராலமரத்தின் அடிமரத்தைத் தேடுவது இயல்பு. அடிமரம் அங்கில்லை. 1925ஆம் ஆண்டிலேயே அது வெட்டி அகற்றப்பட்டுவிட்டது. ஒன்றரை ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளின்மேல் நிற்கும் இன்றைய மரத்துக்கு நடு என்ற ஒன்று வெற்றிடமாகவே உள்ளது. எழுத்தறிந்த மக்கள் தம் உடலை வைத்தே மரத்தைப் புரிந்துகொள்ளப் பழகிய ஒரு நாட்டில், இந்த வெற்றிடத்தின் வரலாறு சற்று நின்று கவனிக்கத்தக்கது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி இராபர்ட் கிட் என்பவரின் முயற்சியால் 1787இல் தோன்றியது இப்பூங்கா. 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஆற்றுநீர் பூங்காவுக்குள் புகுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வீழ்ந்தன. மூன்றே ஆண்டுகளில், 1867இல், மற்றொரு புயல். 1871இல் பொறுப்பேற்ற ஜார்ஜ் கிங் ஏறக்குறைய வெட்டவெளியாகிவிட்ட நிலத்தில்தான் ஏரிகளையும் சாலைகளையும் வகுத்து, பூங்காவை மீண்டும் உருவாக்கினார்.

ஆலமரம் வீழவில்லை. ஆனால் பெருங்கிளைகள் முறிந்து, மரத்தின் உட்பகுதி வெளிக்காற்றுக்குத் திறந்தது. அந்தக் காயங்களின் வழியே பூஞ்சை நுழைந்தது. புயலுக்கும் கோடரிக்கும் இடையே அறுபது ஆண்டுகள் கழிந்தன. புயற்சேதம் என்றவுடன் மறுநாள் காலை சாலையில் கிடக்கும் மரங்களை மட்டும் எண்ணும் வழக்கம் இன்றும் உள்ளது. நின்றுவிட்ட மரங்களின் கணக்கை முடிக்கத்தான் அரை நூற்றாண்டு தேவைப்படுகிறது. பதினைந்து மீட்டருக்கு மேல் சுற்றளவு கொண்டிருந்த அடிமரம் உளுத்துப்போனபோது, எஞ்சிய பகுதியைக் காக்கும் பொருட்டு அதை நீக்குவதென முடிவாயிற்று. மண்ணைத் தொட்ட விழுது பருத்துத் தானே தண்டாகிறது. நீரையும் சத்தையும் தானே உறிஞ்சித் தன் கிளைக்கு அளிக்கிறது. அந்த அறுபது ஆண்டுகளில் விழுதுகள் இப்பணியை ஏற்றுக்கொண்டிருந்தன. ஆகவே அடிமரம் போயும் மரம் போகவில்லை.

மரத்தை நோயாளியாகக் காணும் மரபு இந்தியாவில் பழையது. வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதையில் மர மருத்துவத்துக்குத் தனி அத்தியாயம் உண்டு. சுரபாலரின் விருட்சாயுர்வேதமோ வாதம், பித்தம், கபம் என்னும் மூன்று தோஷங்களையும் மரத்துக்கு உரியனவாக்குகிறது. முறிந்த கிளைக்குப் பட்டைக் களிம்பும் வைக்கோற்கயிற்றுக் கட்டும் சொல்கிறது. ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருந்த அதன் சுவடி நளினி சாதலேயின் மொழிபெயர்ப்பில் 1996இல் வெளிவந்தபின் ஆய்வாளரிடையே பரவலாக அறியப்பட்டது. பட்டியலில் உள்ள மருந்துகளின் பயன் ஒருபுறம் இருக்க, மரத்துக்கும் துன்பம் உண்டு, அதற்குக் காரணமும் மாற்றும் உண்டு என்ற எண்ணத்தையே இந்நூல்களின் பெருங்கொடையாகக் கொள்ள வேண்டும்.

அதே உருவகம் மேற்கில் வேறு வழியில் சென்றது. அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் ஜான் டேவி 1901இல் 'மர மருத்துவர்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலொன்றை வெளியிட்டார். பற்குழியைச் சுரண்டி அடைப்பதுபோல மரப்பொந்தைச் சுரண்டிச் சிமெண்டால் அடைக்கும் முறை அக்காலத்தில் பெரிதும் பரவியது. அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கில் பிளந்து ஆராய்ந்து, 1970களில் அந்த முறையின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினார். மரத்தின் காயம் ஆறுவதில்லை. சிதைந்த திசு புதிதாக மாற்றப்படுவதில்லை. மரம் அதைச் சுற்றிச் சுவரெழுப்பி அடைத்துவிட்டு, வெளிப்புறம் புதுக்கட்டையை வளர்க்கிறது. பொந்தை 'நல்ல கட்டை' தெரியும்வரை சுரண்டுபவர் அந்தச் சுவரைத்தான் உடைக்கிறார். கிளையைத் தண்டோடு ஒட்ட வெட்டுவதும் அத்தகையதே. கிளை தொடங்கும் இடத்திலுள்ள புடைத்த வளையத்துக்கு வெளியே வெட்டினால்தான் அடைப்பு ஒழுங்காக நிகழும். 'ஆறுதல்' என்ற ஒரு சொல் மனித உடலிலிருந்து மரத்துக்கு இடம்பெயர்ந்ததால் நேர்ந்த பிழை இது. மொழியியலார் கவனிக்காமல் விட்ட சான்றுகளுள் ஒன்று என்றும் சொல்லலாம்.

பிழை முடிந்துவிடவில்லை. தில்லியில் 'மர ஆம்புலன்ஸ்' என்ற பெயரிலேயே ஊர்திகள் இயங்குகின்றன. கரையானை அகற்றுதல், பட்டுப்போன கிளையை நீக்குதல் முதலிய நற்பணிகளோடு, பொந்தைத் தூய்மைசெய்து தெர்மோகோலால் நிரப்பி, கம்பிவலை பொருத்திப் பூசி மூடும் 'அறுவை சிகிச்சை'யும் அவற்றின் பணியாக உள்ளது. அதே நகரில்தான் மரங்களின் அடியைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட வேண்டியிருந்தது. வேருக்குக் காற்றும் நீரும் கிடைத்தால் ஆம்புலன்சின் தேவை பெருமளவு குறையும். ஆனால் காற்றும் நீரும் செய்திப்படமாவதில்லை.

தெலங்கானாவின் மகபூப்நகரை அடுத்த பில்லலமர்ரியில் உள்ள பழம்பெரும் ஆலமரம் இந்த உருவகத்தின் உச்சம். 2017 டிசம்பரில் அதன் பெருங்கிளை ஒன்று முறிந்தது. கரையான் அரிப்பு கடுமையாக இருந்தது. பார்வையாளர் வருகை நிறுத்தப்பட்டது. மரத்தில் துளையிட்டு ஊற்றிய பூச்சிக்கொல்லி தங்காமல் வெளியேறியதால், மருத்துவமனையின் சலைன் புட்டிகளைப் போன்ற புட்டிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, 2018இல் அதைச் சொட்டுச்சொட்டாகச் செலுத்தினர். நாடெங்கும் பரவிய புகைப்படங்கள் அந்தப் புட்டிகளுடையவை. சாயும் கிளைகளுக்குக் கட்டப்பட்ட முட்டுத்தூண்களும், இளம் விழுதுகளை மண்வரை இறக்கிவிடப் பொருத்திய குழாய்களும் யாரையும் ஈர்க்கவில்லை. நெடுங்காலத்துக்கு மரத்தைத் தாங்கப்போவது அவைதான்.

கரையான் அரித்த ஆலமரத்தை அதன் விழுது தூணாகி நின்று தாங்கும் காட்சி நாலடியாரில் உண்டு. தளர்ந்த தந்தையை மகன் காப்பதற்கு உவமையாக அது வருகிறது. அங்கே பார்வை மரத்திலிருந்து மனிதரை நோக்கிச் செல்கிறது. சுரபாலரிடமும் சலைன் புட்டியிடமும் மனிதரிலிருந்து மரத்தை நோக்கி. முதல் வகையினருக்கு ஆலமரத்தின் இயல்பு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதே வேறுபாடு.

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் சிப்பூரைக் கடந்தபோது பூங்காவின் அரிய மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. பேராலமரமும் விழுதுகளையும் கிளைகளையும் இழந்தது. முறிந்தவற்றை அகற்றி, வெட்டுவாய்களுக்கு மருந்திட்டபின் தொடர்ந்த வேலை பழைய வேலையே: தொங்கும் மெல்லிய விழுதைப் பிளந்த மூங்கிலுக்குள் வைத்து, ஆடுமாடும் கைகளும் தீண்டாமல் மண்வரை நடத்திச் செல்வது. மரத்தைச் சுற்றிவர ஒருகாலத்தில் அமைத்த 330 மீட்டர் நீளச் சாலையை அது எப்போதோ தாண்டிவிட்டது.