அன்னபூரணியைக் கட்டிய கைகள்

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் பிறந்தவர்களுக்கு அன்னபூரணி என்ற கப்பல் அமெரிக்கா போன கதை தெரியும். 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தைப் பிடித்தாள் என்று நாளோடு சொல்வார்கள். இயந்திரம் கிடையாது, பாய் மட்டுந்தான். நீளம் 89 அடி, அகலம் 19 அடி. ஊரின் அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கதை எப்போதும் கொழும்பில் நங்கூரம் தூக்குவதோடுதான் தொடங்குகிறது. என் அம்மம்மாவின் தகப்பனார் ஓடாவி, கப்பல் கட்டும் தச்சர். அதனால் நான் கரையிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் கரையில் கப்பல் கட்ட வரைபடம் இருந்ததில்லை. அளவெல்லாம் தலைமை ஓடாவியின் மனதில் இருந்தது. வேம்பைத்தான் பெரிதும் நம்பினார்கள். அதன் கசப்புக்குப் பூச்சி எளிதில் அண்டாது. வளைந்து வளர்ந்த கிளையாகத் தேடி வெட்டினால், கப்பலின் விலாவுக்கு வேண்டிய வளைவு மரத்திலேயே கிடைத்துவிடும். நேரான மரத்தைச் செதுக்கி வளைத்தால் நார் அறுந்து பலம் போய்விடும். இது தெரிந்தவர்கள் ஊர் ஊராக வளைந்த வேம்பைப் பார்த்து வைத்திருந்தார்கள்.

கப்பலைக் கட்டியதோடு வேலை முடிவதில்லை. ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று கிளம்பி வங்கக்கடல் புயற்கடலாகிவிடும். பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் ஏற்றிவந்த கப்பல்கள் அப்போது ஓய்வுக்கு வரும். அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவார்கள். பலகைச் சந்துகளில் பழைய பஞ்சைக் கிளறி எடுத்துவிட்டு, புதுப் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்குவார்கள். அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். இதுதான் கலப்பற்று. நீருக்குள் இருக்கும் பகுதிக்குச் சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்துத் தடிப்பாகப் பூசுவது உண்டு. மரம் துளைக்கும் கடற்புழுவுக்கு அதுதான் காப்பு. "குங்கிலியம் காய்ச்சிற மணம் வந்தா வாடை துவங்கிட்டுது எண்டு விளங்கும்" என்று அம்மம்மா சொல்லுவா.

அப்படிப் பேணப்பட்ட கப்பல்களில் ஒன்றுதான் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கரின் கண்ணில் பட்டது. அவர் சாதாரணப் பணக்காரர் அல்லர். 32 அடிப் படகான 'ஸ்வாப்'பில் 1928க்கும் 1931க்கும் இடையில் உலகையே சுற்றி வந்தவர். கப்பலை அறிந்த ஒருவர் எங்கள் ஓடாவிகளின் வேலையை விலை கொடுத்து வாங்கினார் என்பதே, அமெரிக்கா போனதைவிட எனக்குப் பெரிய சான்றிதழ். அன்னபூரணிக்குத் தன் மனைவியின் பெயரை வைத்தார்: 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்'.

ஓட்டிப்போனவர்கள் எங்கள் ஆட்கள். கப்பல் தலைவரான தண்டையல் கனகரத்தினம் தம்பாப்பிள்ளையோடு இன்னும் நான்கு பேர். டொனால்ட் மக்குயிஷ் என்ற அமெரிக்கக் கப்டனும் அந்தப் பயணத்தில் இருந்தார். அவரை விட்டுவிட்டுக் கதை சொல்வது நியாயமில்லை. போகும் வழியில் செங்கடலின் வடபாதியில் ஆண்டு முழுவதும் வடக்கிலிருந்துதான் காற்று. எங்கள் கப்பல்களோ காற்றைப் பின்னால் வாங்கி ஓடப் பிறந்தவை. எதிர்க்காற்றில் குறுக்கும் நெடுக்குமாக நாட்கணக்கில் ஓடினாலும் கொஞ்ச தூரந்தான் முன்னேறலாம். அதையும் தாண்டி, சூயஸ் கால்வாய், மத்தியதரைக்கடல், அத்திலாந்திக், பெர்முடா என்று போய்ச் சேர்ந்தார்கள். பாஸ்டன் பத்திரிகைகள் அவர்களைப் பற்றி எழுதின.

ரொபின்சன் பிறகு தானே கப்பற்பட்டறை நடத்தி, 70 அடியில் 'வருவா' என்ற பாய்க்கப்பலைக் கட்டினார். அதில் தாகிதிக்குப் போய்க் குடியேறி, அங்கே குடும்பம் பெருகி, பசிபிக் தீவுகளுக்கிடையே ஓடித்திரிந்தார். கப்பலையே வீடாக்கிக்கொள்ளும் அந்த வாழ்க்கையைப் படிக்கும்போது மனம் நிறைகிறது, கனக்கவும் செய்கிறது. எங்கள் கடலோடிகளுக்குக் கப்பல் வீடாக இருந்ததில்லை. மனைவியும் பிள்ளைகளும் கரையில் இருந்தார்கள். சோழகக் காற்று எழும்போது போனவர் வாடைக்கு முன் திரும்புவார் என்பதுதான் அவர்களுடைய நாட்காட்டி. அத்திலாந்திக்குக்குப் போனவரின் வீட்டில் அந்தக் கணக்கும் உதவவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா வியாபாரம் முறிந்தது. சுதந்திரத்துக்குப் பின் சுங்கமும் கடவுச்சீட்டும் பாக்குநீரிணையில் குறுக்கே வந்தன. கப்பல் கட்டக் கேட்பார் இல்லாமல் ஓடாவிகளின் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போனார்கள். மனதில் இருந்த அளவுகள் அந்த மனிதர்களோடு போய்விட்டன. உளியும் முழக்கோலும் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. எந்த முழக்கோல் எந்த மரத்தை அளந்தது என்று சொல்லக்கூடியவர்களைத் தேடி, அவர்கள் சொல்வதை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.