தலைக்கட்டும் கூறு 25-உம்: கரிசல் நிலத்திலிருந்து மதச் சுதந்திர விவாதத்தைப் பார்த்தல்

2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கரராமேசுவரர் கோயிலில் ஓர் ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் திருமணம் நடந்தது. நடந்ததை யாரும் மறுக்கவில்லை. இருவருக்கும் அது முதல் மணம் என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று கொடுத்திருந்தார். ஆனால் 2009-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவு விதிகளின்படி படிவத்தில் மேலொப்பம் இடவேண்டிய கோயில் நிர்வாகம் கையெழுத்துப் போட மறுத்தது. சார்பதிவாளர் அலுவலகம் மனுவைத் திருப்பியது. மேல்முறையீட்டில் மாவட்டப் பதிவாளரும் டிசம்பர் 28 அன்று அதையே உறுதி செய்தார். தம்பதியர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பு, இந்து திருமணச் சட்டத்தின் 5-ஆவது பிரிவில் வரும் மணமகள் என்பவர் திருநங்கையாகவும் இருக்கலாம் என்றது. அகராதியைக் காட்டி அரசுத் தரப்பு செய்த வாதம் நிற்கவில்லை. திருமணத்தைப் பதிந்துகொள்ள உத்தரவாயிற்று.

சமத்துவம், கண்ணியம், தன்னை வெளிப்படுத்தும் உரிமை ஆகிய வழிகளில் இத்தீர்ப்பை வாசிப்பது எளிது. அதில் அதிகம் கவனிக்கப்பட வேண்டிய இடம் வேறு. மனுதாரர் இருவரும் இந்துக்கள். தங்கள் மணத்தைக் கோயிலில் சடங்காக நடத்தியவர்கள். அதைப் பதிய மறுத்தது அரசியலமைப்பின் 25-ஆவது கூறு தரும் மதச் சுதந்திரத்தையே மீறியதாகும் என்று நீதிமன்றம் சொன்னது. மதச் சுதந்திரம் இங்கே மறுத்தவரின் கையில் இல்லை, மறுக்கப்பட்டவரின் கையில் இருந்தது. இக்கட்டுரை அந்த ஒரு திருப்பத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது.

அமெரிக்காவில் இந்த விவாதம் எதிர்த்திசையில் ஓடுகிறது. அங்கே 1993-இல் வந்த மத சுதந்திர மீட்புச் சட்டம், வழிபாட்டில் பெயோட் கள்ளியைப் பயன்படுத்திய பூர்வகுடி அமெரிக்கர் 1990-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றதை ஒட்டிப் பிறந்தது. சிறுபான்மையின் வழிபாட்டைக் காக்க வந்த சட்டமுறை, கால் நூற்றாண்டுக்குள் வணிகர்களின் கேடயமானது. 2015-இல் இந்தியானா மாநிலம் அதே பாணியில் சட்டம் இயற்றியபோது எழுந்த எதிர்ப்பு, அச்சட்டத்தைச் சில நாட்களில் திருத்த வைத்தது. அதே ஆண்டில் கென்டக்கியில் ஒரு வட்டார அலுவலர், தன் மதநம்பிக்கையைக் காரணம் காட்டி ஒருபால் தம்பதியருக்கு மண உரிமம் தர மறுத்துச் சிறை சென்றார். கொலராடோவில் அதே காரணத்தால் ஒருபால் தம்பதியருக்குக் கேக் செய்ய மறுத்த கடைக்காரர் 2018-இல் குறுகிய அடிப்படையில் வென்றார். 2023-இல் அதே மாநிலத்து இணையதள வடிவமைப்பாளர் பேச்சுரிமையின் பேரில் வென்றார். மதநம்பிக்கையாளர் ஒரு பக்கம், தன்பாலீர்ப்பாளர் மறுபக்கம் என்று நிறுத்தித்தான் அங்கே வழக்கே தொடங்குகிறது. தன்பாலீர்ப்பாளருக்கும் ஒரு சாமி இருக்கும் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

இந்திய அரசியலமைப்பு இந்த மோதலை வேறு மாதிரி அடுக்கியிருக்கிறது. 25-ஆவது கூறு உரிமையைச் சொல்வதற்கு முன்பே பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம் ஆகியவற்றுக்கும், அடிப்படை உரிமைகளின் ஏனைய கூறுகளுக்கும் அது கட்டுப்பட்டது என்று சொல்லிவிடுகிறது. கடைக்கு 15(2) இருக்கிறது: கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை எதிலும் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக ஒருவரைத் தடுக்கக்கூடாது. அரசமைப்பு அவையில் 1948 நவம்பரில் அம்பேத்கர், இங்கே கடை என்பது தன் சேவையை ஊருக்கு அளிக்கும் எவரையும் குறிக்கும் என்று விளக்கினார். அந்தக் கூறில் மத விலக்கு எதுவும் இல்லை. பால் என்ற காரணத்துக்குள் பாலீர்ப்பும் அடங்கும் என்பது 2018 செப்டம்பர் 6 நவ்தேஜ் ஜோகர் தீர்ப்புக்குப் பின் தெளிவு. ஆகவே கொலராடோ கேக் கடை தூத்துக்குடி மாவட்டத்து விளாத்திகுளத்தில் இருந்திருந்தால், ஏட்டளவில் விடை தயார்.

ஏட்டளவில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். திருநர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் பாகுபாட்டைத் தடை செய்கிறது. தன்பாலீர்ப்பாளருக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. சசி தரூர் கொண்டுவந்த பாகுபாட்டு எதிர்ப்புத் தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. விதியே இல்லாத இடத்தில் விதிவிலக்குக் கேட்க யாரும் வரமாட்டார்கள். அமெரிக்க விவாதம் இங்கே எழாததற்குப் பாதிக் காரணம் நம் சகிப்புத்தன்மை அல்ல, இந்த வெற்றிடம். (மத சுதந்திரச் சட்டம் என்ற பெயரில் 1967-இல் ஒடிசா தொடங்கிப் பல மாநிலங்கள் இயற்றியவை மதமாற்றத் தடைச் சட்டங்கள் என்பதையும் போகிறபோக்கில் நினைவில் கொள்ளலாம்.)

அப்படியானால் இந்த மண்ணில் மதமும் பாகுபாடும் எங்கே முட்டுகின்றன? விளாத்திகுளம் வட்டத்துப் புதூரை நடுவில் வைத்துப் பார்த்தால் விடைக்கு நெருங்கலாம். தெற்கே தூத்துக்குடி. கிழக்கே கமுதி. வடக்கே அருப்புக்கோட்டை. மூன்றுமே மதமும் சட்டமும் மோதிய ஊர்கள்.

கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897-இல் நாடார்கள் நுழைந்தார்கள். பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் அரசர் வழக்குத் தொடுத்தார். கோயிலின் வழக்கத்தைக் காப்பது அறங்காவலரின் கடமை, நுழைவு அவ்வழக்கத்துக்கு மாறு, தீட்டுக் கழிக்கும் செலவையும் நுழைந்தவர்களே தரவேண்டும் என்பது வாதம். கீழ்நீதிமன்றம் முதல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை அந்த வாதமே வென்றது. இறுதித் தீர்ப்பு 1908-இல் வந்தது. மதத்தின் பேரில் வெளியே நிறுத்தும் உரிமை கரிசல் காட்டில் வழக்காகியது இப்படித்தான். தோற்றவர்கள் மகமை என்ற பொதுநிதி பிரித்துத் தமக்கென்று கோயிலும் பள்ளியும் கட்டிக்கொண்டார்கள். அடுத்த கடைக்குப் போ என்று இன்று அமெரிக்காவில் சொல்லப்படுவதும் அன்று இங்கே உன் கோயிலை நீ கட்டிக்கொள் என்று சொல்லப்பட்டதும் ஒரே வாதம். அந்த வாதத்தை இந்தியா 1939-இன் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டத்தாலும், பிறகு 25(2)(ஆ), 17 ஆகிய கூறுகளாலும் மறுத்தது. 1957-இல் வேங்கடரமண தேவரு வழக்கில், ஒரு சமயப் பிரிவு தன் காரியங்களைத் தானே நடத்தும் 26-ஆவது கூறு உரிமைகூட, கோயிலை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

இன்று தன்பாலீர்ப்பாளர் ஒருவரைக் கோயில் வாசலில் யாரும் நிறுத்துவதில்லை. அவர் யாரென்று தெரிந்தால்தானே நிறுத்த. வழிபாட்டில் அவர் வெளியே போவது வேறு வழியில் நடக்கிறது. உளுந்தும் மல்லியும் மிளகாயும் வீடு வந்து சேர்ந்தபின், பங்குனிப் பொங்கலுக்கு ஊர்க்கூட்டம் போடுவார்கள். வரி நோட்டை விரித்து, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று தீர்மானிப்பார்கள். தலைக்கட்டு என்பது ஆள் கணக்கல்ல, கல்யாணம் முடித்தவர் கணக்கு. ஒருவனுக்குக் கல்யாணம் ஆனதும் அடுத்த பொங்கலுக்கு அவன் பெயர் தனியாக ஏறும். சில ஊர்களில் கணவனை இழந்த பெண்ணுக்கு அரை வரி. வரி கொடுத்தவருக்குக் கூட்டத்தில் பேச்சு உண்டு, கோயில் மரியாதை உண்டு, பிரசாதப் பங்கு உண்டு. நாற்பது வயதாகியும் கல்யாணம் வேண்டாம் என்று நிற்கும் ஆண், அப்பாவின் தலைக்கட்டிலேயே தங்குகிறார். அப்பா காலமானபின் அண்ணன் வீட்டுக் கணக்கில் ஒட்டிக்கொள்கிறார். அவரை யாரும் விலக்கவில்லை. அவர் எண்ணப்படவில்லை, அவ்வளவுதான். கல்யாணம் செய்துகொள்ளாத பெண்ணுக்கு அந்த ஒட்டுதலும் நிச்சயமில்லை. பையன் கல்யாணத்துக்கு ஏன் இத்தனை நெருக்கடி என்று நகரத்திலிருந்து பார்ப்பவருக்குப் புரியாத விஷயத்தில் இந்த நோட்டுக்கும் பங்குண்டு: அது ஊர்ச் சாமிக்கு முன் ஒரு முழு ஆளாக நிற்பதற்கான நுழைவுச் சீட்டு.

இதைச் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் என்ன தெரியும்? ஊரார் சொல்லக்கூடிய மறுமொழி, இது எங்கள் சாமி, எங்கள் வழக்கம் என்பது. இதற்கு இணையான வாதம் 1962-இல் வென்றிருக்கிறது. தாவூதி போரா சமூகத் தலைவர் தொடுத்த வழக்கில், சமயக் காரணத்துக்காக ஒருவரைச் சமூகத்திலிருந்து நீக்கும் அதிகாரம் 26-ஆவது கூறின்படி பாதுகாக்கப்பட்டது என்று சொல்லி, 1949-ஆம் ஆண்டு பம்பாய்ச் சமூக நீக்கத் தடைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா மட்டும் மாறுபட்டார். நீக்கப்பட்டவர் தம் சமூகத்தில் தீண்டத்தகாதவர் போலாகிவிடுகிறார் என்பதை அவர் கண்டார். சபரிமலைத் தீர்ப்பைத் தொடர்ந்து எழுந்த மத உரிமைக் கேள்விகள் 2019-இல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டு, பின்னர் ஒன்பது நீதிபதிகள் முன் போயின. 2023-இல் போரா வழக்கும் அவற்றோடு சேர்க்கப்பட்டது.

ஆனால் போரா வாதம் கரிசல் ஊர்க்கோயிலுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. 26-ஆவது கூறின் உரிமை சமயப் பிரிவுக்கு உரியது. தனி நம்பிக்கைத் தொகுதி, பொது அமைப்பு, தனிப் பெயர் மூன்றும் இருந்தால்தான் அது சமயப் பிரிவு என்பது உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல். ஊர் மாரியம்மன் பொங்கலை நடத்தும் கூட்டத்துக்கு இவற்றில் முதலாவதே கிடையாது. சாதி என்பது சமயப் பிரிவு ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2025-இல் சொல்லியிருக்கிறது. எனவே ஊருக்கு இங்கே இருப்பது வழக்கம் மட்டுமே, மதச் சுதந்திரம் அல்ல. எண்ணப்படாமல் விடப்பட்டவருக்கோ 25(1) தரும் வழிபாட்டு உரிமை தனிமனிதராகவே இருக்கிறது. தூத்துக்குடித் தீர்ப்பு காட்டிய திசை இதுதான்.

தேவாலயத்தின் நிலை வேறு. ஒரு திருச்சபை யாருக்குத் திருமண அருட்சாதனம் வழங்குவது என்பதை அரசு சொல்ல ஆரம்பித்தால் 26-ஆவது கூறில் மிச்சம் ஒன்றும் இராது. 2023 டிசம்பரில் வத்திக்கான் ஒருபால் இணையருக்கு எளிய ஆசி வழங்கலாம் என்று அனுமதித்தது, திருமணத்தை அனுமதிக்கவில்லை. அந்த எல்லையைத் திருச்சபைதான் போட வேண்டும், நீதிமன்றம் அல்ல. பாதிரியாரும் பதிவாளரும் ஒருவரல்லர். இந்து அறநிலையத் துறைக் கோயிலின் அலுவலர் படிவத்தில் மேலொப்பம் இடும்போது அவர் செய்வது பூசை அல்ல, அரசுப்பணி. தூத்துக்குடியில் நடந்த குழப்பம் முழுவதும் இவ்விரண்டையும் ஒன்றாக்கியதில் விளைந்தது.

மதத்தை எதிர்த்தரப்புக்கு எழுதிக்கொடுத்துவிடும் பழக்கம் நம் வழக்குகளில் வேரூன்றிவிட்டது. ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவைத் தளர்த்திய 2009 தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களின் பட்டியல் சுவையானது: ஒரு சோதிடர், அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், கிறித்தவ அமைப்புகள், தமிழ்நாட்டிலிருந்து முஸ்லிம் முன்னேற்றக் கழகம். வேறெதிலும் ஒன்றுசேராதவர்கள் இதில் ஒன்றுசேர்ந்தார்கள். 2023 ஏப்ரலில் திருமண உரிமை வழக்கு விசாரணைக்கு வந்தபோது, மதம் சார்ந்த தனிநபர் சட்டங்களைத் தொடுவதில்லை, சிறப்புத் திருமணச் சட்டத்தோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவாயிற்று. நீதிமன்ற உத்தியாக அது புத்திசாலித்தனமாகத் தெரிந்திருக்கும். அக்டோபர் 17 அன்று அந்தச் சட்டமும் கிடைக்கவில்லை. மண உரிமை அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். ஆனால் திருநர் ஒருவர் எதிர்பாலினத்தவரை மணப்பது இப்போதுள்ள சட்டங்களின்படி செல்லும் என்பதை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. மதச் சடங்கை விட்டுக்கொடுக்காமல் நின்ற தூத்துக்குடித் தம்பதியரின் வழி தப்பிப் பிழைத்தது.

அந்த வழியின் குறுகலையும் மறைக்கக் கூடாது. மணமகன், மணமகள் என்ற அச்சுக்குள் பொருந்தியவருக்குத்தான் அது திறந்தது. இரண்டு பெண்களுக்கோ இரண்டு ஆண்களுக்கோ அது இன்றும் மூடியே இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் பாதுகாப்பு தந்தார், மாற்றுச் சிகிச்சை என்ற பெயரில் நடப்பதைத் தடுத்தார், காவல்துறை நடத்தை விதிகள் திருத்தப்பட வழிசெய்தார். 2025 மே மாதத்தில் தூத்துக்குடி வழக்கைத் தீர்த்த அதே சுவாமிநாதன், நீதிபதி லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றார். நல்ல தீர்ப்புதான். ஆனால் குடும்பம் என்று நீதிமன்றம் ஏற்பதும் சாமிக்கு முன் ஊர் ஏற்பதும் வேறுவேறு. கோவில்பட்டியை ஒட்டிய மந்தித்தோப்பில் திருநங்கையர் வீடுகட்டி, மாடு வளர்த்து, பால் கூட்டுறவு சங்கம் நடத்துகிறார்கள். பாலை வாங்க ஊர் தயங்குவதில்லை. வரி வாங்குமா என்பது வேறு கேள்வி.

வடக்கே இருக்கும் ஊருக்கு இப்போது வரலாம். அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் 1928-இல் புரோகிதர் இல்லாமல் பெரியார் தலைமையில் நடந்த திருமணமே முதல் சுயமரியாதைத் திருமணமாகக் கருதப்படுகிறது. அத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கான தம்பதியரும் பிள்ளைகளும் ஒரே நாளில் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். 1967-இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவைச் சேர்த்து, முன்பே நடந்த மணங்களையும் செல்லுபடியாக்கியது. எந்தக் கோயிலின் வழிபாட்டையும் அது தொடவில்லை. எந்தப் புரோகிதரையும் கட்டாயப்படுத்தவும் இல்லை. எது திருமணம் என்று தீர்மானிக்கும் ஏகபோகத்தை மட்டும் சடங்கிடமிருந்து எடுத்தது.

7-அ பிரிவு எந்த இரண்டு இந்துக்களுக்கும் பொருந்தும் என்று தொடங்கி, பிறகு உறுதிமொழி வரியில் கணவன், மனைவி என்று குறுகுகிறது. திருமணம் பொதுப் பட்டியலில் இருப்பதால் அந்த ஒரு வரியைத் திருத்தச் சட்டப்பேரவைக்கு அதிகாரம் உண்டு, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு. 1953 தீர்ப்புக்கும் 1967 சட்டத்துக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் ஓடின. அந்த இடைவெளியில் சுயமரியாதைத் திருமணங்கள் நடப்பது நிற்கவில்லை. செல்லாது என்று தெரிந்தே செய்துகொண்டார்கள். சட்டம் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தது.